சிங்கப்பூர் இரவுப் பந்தயத்தை நேரில் பார்க்க: டிக்கெட் முதல் திங்கட்கிழமை விமானம் வரை முழுமையான வழிகாட்டி

சென்னையில் மாலை ஐந்தரை மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்து பார்க்கிறோமே, அந்த சிங்கப்பூர் கிராண்ட் பிரீ அங்கே இரவு எட்டு மணிக்குத் தொடங்குகிறது. இந்த இரண்டரை மணி நேர வித்தியாசத்தைச் சரியாகப் பயன்படுத்திக்கொண்டால் பயணத்தில் பாதி வேலை முடிந்தது. மற்றதெல்லாம் டிக்கெட்டும் ரயிலும்தான்.

2008 செப்டம்பரில் மரீனா பே தெருக்களில் நடந்ததுதான் ஃபார்முலா ஒன்னின் முதல் இரவுப் பந்தயம். ஐரோப்பாவில் மதிய நேரத்தில் டிவியில் பார்க்க வசதியாக இருக்க வேண்டும் என்பது அதை இரவில் வைத்ததற்கு ஒரு முக்கியக் காரணம். ஓட்டுநர்களும் அணிக்காரர்களும் சிங்கப்பூரில் இருக்கும் அந்த வாரம் முழுக்க ஐரோப்பிய நேரத்திலேயே வாழ்கிறார்கள். விடியப்போகும் நேரத்தில் படுக்கிறார்கள், மதியத்தில் எழுந்து காலை உணவு சாப்பிடுகிறார்கள், நள்ளிரவு தாண்டி இரவுச் சாப்பாடு. உடம்பை உள்ளூர் நேரத்துக்கு மாற்றாமல் இருப்பதுதான் அவர்களுடைய உத்தி.

நமக்கு அது இன்னும் எளிது. யார் எந்த இடத்திலிருந்து புறப்படுவது என்பதை முடிவுசெய்யும் தகுதிச் சுற்று இரவு ஒன்பது மணிக்கு, நம் உடம்புக்கு அது மாலை ஆறரைதான். கைக்கடிகாரத்தை மாற்றிக்கொள்ளுங்கள், தூங்கும் நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள். நான் முதல் முறை போனபோது இது தெரியாமல் வழக்கமான சுற்றுலா போல நடந்துகொண்டேன். காலை ஏழு மணிக்கே கிளம்பி ஊர் சுற்றினேன். சனிக்கிழமை இரவு தகுதிச் சுற்றின் கடைசிப் பத்து நிமிடம், எதற்காக அவ்வளவு தூரம் போனேனோ அந்தப் பத்து நிமிடம், கால் வலி தாங்காமல் தரையில் உட்கார்ந்திருந்தேன். கார்களின் சத்தம் கேட்டது, எதுவும் தெரியவில்லை. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. இந்த வழிகாட்டியை எழுதுவதற்கும் அதுதான் காரணம்.

ஏன் சிங்கப்பூர்?

வெளிநாட்டில் பந்தயம் பார்க்கும் முதல் பயணத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் நமக்கு இல்லை என்பது என் உறுதியான கருத்து. இந்தியாவின் பந்தயம் கிரேட்டர் நொய்டாவில் 2011 முதல் 2013 வரை மூன்றே ஆண்டுகள் நடந்து நின்றுவிட்டது. மலேசியாவின் செப்பாங் 2017-க்குப் பிறகு அட்டவணையில் இல்லை. ஐரோப்பாவின் பெரிய ஓடுதளங்கள் பல, ஊருக்கு வெளியே வயலும் காடும் சூழ்ந்த இடத்தில் இருப்பவை. கார் இல்லாமல் போய்வருவது பெரும்பாடு. சிங்கப்பூரில் ஓடுதளமே நகரத்தின் நடுவில் இருக்கிறது. ரயிலில் இறங்கி நடந்தால் போதும். சென்னையிலிருந்து சுமார் நான்கு மணி நேர விமானப் பயணம், திருச்சியிலிருந்தும் கோவையிலிருந்தும்கூட நேரடி விமானம் உண்டு. தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று. முதல் முறை வெளிநாடு போகும் அப்பா அம்மாவை அழைத்துப் போகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

2024-ல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி நடந்த ஃபார்முலா 4 இரவுப் பந்தயத்தைப் பார்த்தவர்களுக்குத் தெருப் பந்தயம் எப்படி இருக்கும் என்று ஓரளவு பிடிபட்டிருக்கும். தெரிந்த சாலை, இரண்டு பக்கமும் கான்கிரீட் தடுப்பு, வேலிக்கு இந்தப் பக்கம் நாம். அதையே பல மடங்கு பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் டிக்கெட், அப்புறம்தான் மற்றதெல்லாம்

நிறையப் பேர் மலிவாகக் கிடைத்தது என்று விமான டிக்கெட்டை முதலில் எடுத்துவிடுகிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். பந்தயத்தில் எங்கே உட்காரப் போகிறீர்கள் என்பது முடிவானால், எந்த ரயில் நிலையத்தில் இறங்குவீர்கள் என்பது முடிவாகும். அதிலிருந்து தங்கும் இடம் முடிவாகும்.

ஓடுதளத்தை மனதில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். நீளம் கிட்டத்தட்ட 4.9 கிலோமீட்டர், ஓட்டம் இடஞ்சுழியாக, மொத்தம் 62 சுற்று. சிங்கப்பூர் ஃப்ளையர் ராட்டினத்துக்குப் பக்கத்தில் புறப்பாடு. அடுத்தடுத்து மூன்று வளைவுகள். பிறகு ராஃபிள்ஸ் பூலவார்டில் முழு வேகத்தில் நீண்ட ஓட்டம், அதன் முடிவில் ஏழாவது வளைவில் பலமான பிரேக். அங்கிருந்து பாடாங் மைதானத்தை ஒட்டிய செயின்ட் ஆண்ட்ரூஸ் சாலை. அடுத்து, 1910-ல் கட்டி முடித்த ஆண்டர்சன் பாலம். மூன்று பேர் தோளோடு தோள் நின்று படமெடுத்துக்கொள்ளும் அந்தப் பழைய பாலத்தின் மேல் இந்தக் கார்கள் பாய்வது இந்த ஊருக்கே உரிய காட்சி. பாலம் தாண்டியதும் ஃபுல்லர்டன் ஹோட்டல் அருகே கொண்டை ஊசி வளைவு, எஸ்பிளனேட் டிரைவில் மறுபடி வேகம், பதினான்காவது வளைவில் மறுபடி பிரேக்.

இந்த ஓடுதளத்தை நான்கு மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒன்றாவது மண்டலம் பிட் பகுதியும் (கார்கள் டயர் மாற்ற வந்து நிற்கும் இடம்) முதல் வளைவுகளும். நான்காவது மண்டலம் பாடாங் பக்கம், பெரிய இசை மேடை இருக்கும் இடம். டிக்கெட்டில் எந்த மண்டலம் எழுதியிருக்கிறதோ அதற்குள்தான் நடமாட முடியும். வாங்கும்போது பலரும் கவனிக்காத வரி இதுதான்.

டிக்கெட் இரண்டு வகை. ஒன்று எண் போட்ட இருக்கை. இன்னொன்று உலா டிக்கெட், அதாவது இருக்கை கிடையாது, மண்டலத்துக்குள் நடந்து எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே நின்று பார்ப்பது. நான்காவது மண்டலத்துக்கு மட்டுமான உலா டிக்கெட்தான் இருப்பதிலேயே மலிவு. மூன்று நாளுக்கும் சேர்த்துச் சில நூறு வெள்ளியில் முடிந்துவிடும் (அங்கே டாலரை நம்மவர்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள்). பிட் எதிரே உள்ள இருக்கைகள் ஆயிரம் வெள்ளியைத் தாண்டும்.

பிட் எதிரே உட்காருவது பெரிய கனவாகத் தெரியும். புறப்பாட்டையும் டயர் மாற்றுவதையும் கண்முன்னே பார்க்கலாம், உண்மைதான். ஆனால் நேர்ச்சாலையில் கார்கள் கண் சிமிட்டுவதற்குள் போய்விடும். ஒரு சுற்றுக்குச் சுமார் ஒன்றரை நிமிடம் என்றால், உங்களுக்குப் பிடித்த ஓட்டுநரை ஒவ்வொரு சுற்றிலும் ஓரிரு நொடிதான் பார்க்கப் போகிறீர்கள். வளைவில் உட்கார்ந்தால் அதே கார் பிரேக் பிடிப்பதும், திரும்புவதும், சுவரை ஒட்டி வெளியேறுவதும் தெரியும். பதினான்காவது வளைவில் இருக்கும் கானாட் இருக்கைகள்தான் என் முதல் சிபாரிசு. விலை நடுத்தரம், முந்தும் முயற்சிகளும் அங்கே நடக்கும். ஏழாவது வளைவுக்கு அருகில் கிடைத்தாலும் விடாதீர்கள். பாடாங் இருக்கைகளில் கார்கள் நேராகப் போவதைத்தான் பார்க்க முடியும். பந்தயத்தைவிட இசை நிகழ்ச்சி முக்கியம் என்பவர்களுக்கு அது நல்ல இடம்.

தனியாகவோ நண்பர்களோடோ போகிற, கால் வலுவுள்ள இளைஞர்களுக்கு நான்கு மண்டலத்துக்கும் செல்லும் உலா டிக்கெட் அருமை. வெள்ளிக்கிழமை ஓர் இடம், சனிக்கிழமை இன்னோர் இடம் என்று ஓடுதளத்தையே படிக்கலாம். ஆனால் வேலிக் கம்பிகளுக்கு நடுவேதான் பார்வை. உயர்த்திக் கட்டிய மேடைகளில் இடம் வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை சில மணி நேரம் முன்பே போய் நிற்க வேண்டும். குழந்தைகளும் வயதானவர்களும் கூட வந்தால் இதை நினைக்கவே வேண்டாம். மலிவான இருக்கையாக இருந்தாலும் இருக்கை எடுங்கள். சக்கர நாற்காலி தேவைப்படுபவர்களுக்குத் தனி இடங்கள் உண்டு, அதை முன்கூட்டியே கேட்டுப் பதிவு செய்ய வேண்டும்.

அதிகாரபூர்வ இணையதளத்திலோ அவர்கள் பட்டியலிட்டிருக்கும் முகவர்களிடமோ மட்டும் வாங்குங்கள். முதலில் மூன்று நாள் டிக்கெட்டுகள் தள்ளுபடி விலையில் வரும், ஒரு நாள் டிக்கெட்டுகள் அதற்குப் பிறகு. சமூக ஊடகத்தில் யாரோ ஒருவர் அனுப்பும் கியூஆர் படத்தை நம்பிப் பணம் போடாதீர்கள். ஒரே படத்தைப் பத்துப் பேருக்கு விற்க முடியும், வாயிலில் முதலில் வருபவருக்குத்தான் கதவு திறக்கும்.

2026-ல் ஒரு புதிய சங்கதி. அக்டோபர் 9 முதல் 11 வரை நடக்க அட்டவணையிட்டிருக்கும் இந்தப் பந்தயத்துக்கு முதல் முறையாக ஸ்பிரின்ட் வடிவம். அதாவது வெள்ளிக்கிழமை ஒரே ஒரு பயிற்சி ஓட்டம், அன்றே ஸ்பிரின்ட்டுக்கான தகுதிச் சுற்று. சனிக்கிழமை ஸ்பிரின்ட் என்கிற குறும்பந்தயமும், ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்துக்கான முக்கியத் தகுதிச் சுற்றும். முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை என்றால் வெறும் பயிற்சி. இப்போது அன்றைக்கே ஏதோ ஒன்று தீர்மானமாகிறது. பணம் குறைவாக இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் கட்டாது என்றால், சனிக்கிழமை மட்டும் போய்வருவதும் இப்போது நிறைவான பயணம்தான்.

விமானமும் தங்குமிடமும்

புதன் அல்லது வியாழன் போய்ச் சேருங்கள். திரும்பும் விமானம் திங்கட்கிழமைதான் இருக்க வேண்டும். ஞாயிறு நள்ளிரவுக்கு மேல் ஒரு விமானம் இருக்கிறது, ஒரு நாள் வாடகை மிச்சம் என்று கணக்குப் போடாதீர்கள். 2022-ல் மழையால் பந்தயம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் தாமதமாகத்தான் தொடங்கியது. அன்று விமானத்தைப் பிடிக்க வேண்டியவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

தங்குமிடத்துக்கு என் பதில் ஒன்றுதான்: லிட்டில் இந்தியா, அதன் சுற்றுப்புறம். நம்மூர்ச் சாப்பாடு கிடைக்கும் என்பது கூடுதல் வசதி, உண்மையான காரணம் ரயில் பாதை. லிட்டில் இந்தியா நிலையத்தில் டவுன்டவுன் பாதையில் ஏறினால் ரோச்சோர், பூகிஸ், அடுத்தது புரொமனாட். மூன்றாவது நிறுத்தத்திலேயே ஒன்றாவது மண்டலத்தின் வாசலில் இருப்பீர்கள். நான்காவது மண்டலத்துக்குப் போகிறவர்கள் அங்கிருந்தே வடகிழக்குப் பாதையில் கிளார்க் கீ போய் நடக்கலாம், அல்லது டோபி காட்டில் மாறி சிட்டி ஹால் போகலாம். பந்தயம் முடிந்து எல்லோரும் ரயிலுக்கு முண்டியடிக்கும்போது, நடந்தே அறைக்குத் திரும்பிவிடக்கூடிய தூரம்தான். பூகிஸ், லாவெண்டர், ஃபேரர் பார்க் பகுதிகளும் நல்லவை.

பந்தய வாரத்தில் நகரம் முழுக்க அறை வாடகை ஏறும். குறைந்தது மூன்று, நான்கு இரவு எடுத்தால்தான் தருவோம் என்று சொல்லும் ஹோட்டல்களும் உண்டு. அதனால் டிக்கெட் கையில் வந்த அன்றே, கட்டணமில்லாமல் ரத்து செய்யக்கூடிய அறையாகப் பார்த்துப் போட்டுவிடுங்கள். விலை இறங்கினால் மாற்றிக்கொள்ளலாம். எல்லை தாண்டி ஜொகூர் பாருவில் மலிவாகத் தங்கிப் போய்வரலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். வார இறுதியில் பாலத்தைக் கடக்க எவ்வளவு நேரமாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. இரவு பதினொரு மணிக்கு மேல் குடிநுழைவு வரிசையில் நிற்கும் தெம்பும் இருக்காது.

விசாவும் சுங்கமும்

இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா தேவை. அங்கீகரிக்கப்பட்ட முகவர்கள் மூலம் விண்ணப்பிக்க வேண்டும், பயணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது செய்வது சரியான நேரம். கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். புகைப்படத்தின் அளவும் வெள்ளைப் பின்னணியும் சரியில்லை என்பதற்கே விண்ணப்பம் திரும்பிவரும், அதனால் ஸ்டுடியோவில் சிங்கப்பூர் விசாவுக்கு என்று சொல்லியே எடுங்கள். இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குக் குறுகியகாலப் பயணத்துக்கு முன்விசா தேவையில்லை. எஸ்ஜி அரைவல் கார்டு எல்லோரும் நிரப்ப வேண்டும். போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள், அரசின் குடிநுழைவு இணையதளத்தில், இலவசமாக. அதற்குப் பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது போலி.

சுங்கத்தில் நம்மவர்கள் மாட்டிக்கொள்ளும் பொருள்கள் சில உண்டு. வேப் என்கிற மின்சிகரெட்டுக்கு அறவே அனுமதியில்லை, இப்போது தண்டனையையும் கடுமையாக்கியிருக்கிறார்கள். சிகரெட்டுக்குத் தீர்வைச் சலுகை கிடையாது, ஒரு பாக்கெட்டானாலும் சொல்லித் தீர்வை கட்ட வேண்டும். சூயிங்கம் வேண்டாம். கசகசா கொண்டுபோகாதீர்கள். தனி அனுமதி இல்லாமல் அது அங்கே நுழையக் கூடாத பொருள். அம்மா அரைத்துக் கொடுத்த குருமாப் பொடியில் கசகசா சேர்ந்திருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டியிருக்கும். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளை மருத்துவரின் சீட்டோடு எடுத்துப் போங்கள்.

பையில் என்ன?

குறைவாக. வாயிலில் பையைச் சோதிப்பார்கள், வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள். தடை செய்யப்பட்ட பொருள்களின் பட்டியலை ஒவ்வோர் ஆண்டும் வெளியிடுவார்கள், கிளம்பும் வாரத்தில் ஒரு முறை படித்துவிடுங்கள்.

மெல்லிய மழைக்கோட்டு கட்டாயம். குடை விரித்தால் பின்னால் இருப்பவருக்குப் பந்தயமே தெரியாது. காதுக்கு நுரைச் செருகி, குழந்தைகளுக்குக் காதை மூடும் பெரிய கவசம். 2014-க்கு முந்தைய வி8 எஞ்சின்களோடு ஒப்பிட்டால் இப்போதைய கார்களின் சத்தம் குறைவுதான், ஆனால் தெருவில் கட்டடங்களுக்கு நடுவே அது எதிரொலித்து வரும். நனைந்தாலும் சீக்கிரம் காயும் நடைக் காலணி, பவர் பேங்க், நான்கைந்து ஓஆர்எஸ் பாக்கெட். கடைசியாகச் சொன்னதை அலட்சியம் செய்யாதீர்கள். இரவானாலும் முப்பது டிகிரிக்குப் பக்கத்தில் வெப்பம், காற்றில் அவ்வளவு ஈரப்பதம். ஓட்டுநர்கள் ஒரே பந்தயத்தில் இரண்டு, மூன்று கிலோ எடையை வியர்வையாக இழக்கிறார்கள். வெப்ப அபாயம் என்று எஃப்ஐஏ (கார் பந்தயங்களுக்கான சர்வதேச அமைப்பு) முதன்முதலாக அறிவித்த பந்தயமே 2025 சிங்கப்பூர்தான். சென்னை வெயில் பழகிய நமக்கு என்ன என்று தோன்றும். சென்னையில் நாம் ஆறு மணி நேரம் கூட்டத்தில் நிற்பதில்லை.

வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை இயக்கிவிட்டீர்களா என்று பாருங்கள். அதே விசா, மாஸ்டர்கார்டு அட்டையைத் தட்டியே ரயிலிலும் பேருந்திலும் போகலாம், தனி டிக்கெட் தேவையில்லை.

அந்த நாட்கள்

சாலைகளை மூடுவதற்கு முன்பே போய்ச் சேர முடிந்தால், ஓடுதளத்தை நடந்து பார்த்துவிடுங்கள். சாதாரண நாளில் அது பொதுச் சாலை. ஆண்டர்சன் பாலத்தில் நின்று அகலத்தைக் கண்ணால் அளந்து பார்த்தவருக்கு, ஞாயிறு இரவு அங்கே நடப்பது வேறு மாதிரி தெரியும். பந்தயம் நெருங்கியதும் அந்த வட்டாரத்தில் பேருந்துகள் தடம் மாறும், டாக்சி கிடைப்பது கடினம். ரயிலும் காலும்தான் கதி.

ஒவ்வொரு நாளும் இப்படி வைத்துக்கொள்ளுங்கள். இரவு இரண்டு மணிக்குப் படுக்கை. நம் உடம்புக்கு அது பதினொன்றரை. காலை பத்து மணிக்கு எழுந்து, பதினொரு மணிக்கு வயிறு நிறையச் சாப்பாடு. தேக்கா சந்தையின் உணவங்காடியில் தோசையோ பிரியாணியோ சில வெள்ளியில் முடிந்துவிடும். சைவம் வேண்டுமானால் சிராங்கூன் சாலையில் 1947 முதல் இருக்கும் கோமள விலாஸ் உண்டு. மதியம் குளிர்சாதன வசதியுள்ள இடத்தில் மட்டும் இருங்கள்: அருங்காட்சியகம், நூலகம், அல்லது அறையிலேயே ஒரு குட்டித் தூக்கம். நான்கு மணிக்கு இன்னொரு முறை சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள், ஏனென்றால் உள்ளே விலையும் அதிகம், வரிசையும் நீளம், சைவத்தில் தேர்வும் குறைவு. மிருகக்காட்சி சாலை, செந்தோசா எல்லாவற்றையும் வியாழனுக்கோ திங்களுக்கோ தள்ளிவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை, சோதித்துப் பார்க்கும் நாள். எந்த வாயில், கழிப்பறை எங்கே, தண்ணீர் எங்கே, பெரிய திரை எந்தக் கோணத்தில் தெரிகிறது என்று பாருங்கள். உலா டிக்கெட்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கான இடத்தை அன்றே குறித்துக்கொள்ள வேண்டும்.

என்னைக் கேட்டால், மூன்று நாளில் சனிக்கிழமை இரவுதான் உச்சம். பந்தயத்தில் டயரையும் எரிபொருளையும் காப்பாற்றிக்கொண்டு ஓட்டுவார்கள், தகுதிச் சுற்றில் அந்தக் கணக்கு எதுவும் கிடையாது. சுவருக்கும் டயருக்கும் நடுவே ஒரு கை அகலம்கூட இருக்காது. முந்துவது கடினமான ஓடுதளம் என்பதால் முதல் இடத்தில் புறப்படுபவருக்கு இங்கே மதிப்பு அதிகம். அந்த ஒரு சுற்றுக்காக எல்லோரும் எல்லாவற்றையும் பணயம் வைப்பார்கள்.

ஞாயிறு இரவு

மாலை ஆறு மணிவாக்கில் ஓட்டுநர்களின் அணிவகுப்பு நடக்கும். அதற்கு முன்பே உங்கள் இடத்தில் இருங்கள். டிவியில் பார்த்துப் பழகியவர்களுக்கு நேரில் முதல் பத்து சுற்றில் குழப்பமாகத்தான் இருக்கும். யார் முன்னால், யார் பின்னால், யார் பிட்டுக்குள் போனார் எதுவும் புரியாது. போனில் ஃபார்முலா ஒன் செயலியின் நேரடிப் பட்டியலைத் திறந்து வையுங்கள். கூட்டத்தில் இணையம் திணறும், அதனால் பெரிய திரை தெரியும் இடமாக நிற்பது முக்கியம். ஒரே அணியின் இரண்டு கார்களைப் பிரித்தறிய, ஓட்டுநர் தலைக்கு மேல் இருக்கும் கேமராவின் நிறத்தைப் பாருங்கள். ஒன்றில் கருப்பு, இன்னொன்றில் பளிச்சென்ற மஞ்சள்.

விபத்து நடந்தால் எல்லாக் கார்களையும் மெதுவாகத் தன் பின்னால் வரவைக்கும் பாதுகாப்புக் கார் வரும் என்று எதிர்பார்த்தே இருங்கள். 2008 முதல் 2023 வரை நடந்த ஒவ்வொரு பந்தயத்திலும் ஒரு முறையாவது அது வந்தது. வராமல் முடிந்த முதல் பந்தயம் 2024. நம் கோவைக்காரர் நரேன் கார்த்திகேயன் 2012-ல் எச்ஆர்டி அணியின் காரில் இங்கே ஓட்டினார். முப்பதாவது சுற்றில் சுவரில் மோதி அவர் நின்றபோதும் பாதுகாப்புக் கார்தான் வெளியே வந்தது. அவர் மோதிய பகுதி இப்போது அந்த வடிவில் இல்லை. 2023-ல் நான்கு வளைவுகளை எடுத்துவிட்டு அங்கே நேர்ச்சாலை ஆக்கிவிட்டார்கள். பழைய வரைபடத்தை வைத்து இருக்கை தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன்.

மழை வந்தால் பதறாதீர்கள். அங்கே மழை கொட்டும், அரை மணியில் ஓயும். 2017-ல் ஈரமான தரையில் புறப்பட்ட சில நொடிகளில் வெட்டல், ராய்க்கோனன், வெர்ஸ்டாப்பன் மூவரும் மோதி வெளியேறினார்கள். மழைக்குப் பயந்து நிழலுக்கு ஓடியவர்கள் அதைத் தவறவிட்டிருப்பார்கள். ஆனால் இடி, மின்னல் எச்சரிக்கை கொடுத்தால் மட்டும் ஊழியர்கள் சொல்லும் இடத்துக்கு உடனே போய்விடுங்கள்.

குழந்தைகளின் கையில் உங்கள் சிங்கப்பூர் எண்ணை எழுதி வையுங்கள். கூட்டம் பிரிந்தால் சந்திக்க ஓர் இடத்தை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ‘வாசல்ல பாத்துக்கலாம்’ என்று சொல்லாதீர்கள், வாசல்கள் பல.

முடிந்த பிறகு

கொடி விழுந்ததும் ரயில் நிலையத்துக்கு ஓடாதீர்கள். டிக்கெட்டிலேயே இசை நிகழ்ச்சியும் அடக்கம். பாடாங் பக்கம் போக உங்கள் டிக்கெட் அனுமதித்தால் போய்ப் புல்தரையில் உட்காருங்கள். இல்லாவிட்டாலும் முக்கால் மணி நேரம் உள்ளேயே இருங்கள். பந்தய இரவுகளில் ரயில் நேரத்தை வழக்கமாக நீட்டிப்பார்கள், எதுவரை என்பதை அன்று மதியமே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் வெளியே வருகிறவர்கள் லாவ் பா சாட் உணவங்காடியில் சாப்பிட்டுவிட்டுப் போகலாம், இரவு வெகுநேரம் திறந்திருக்கும்.

திங்கட்கிழமை நிதானமாக எழுந்திருங்கள். தீபாவளிக்குச் சில வாரம் முன்பிருந்தே சிராங்கூன் சாலை முழுக்க விளக்கு அலங்காரம் தொடங்கிவிடும், பந்தயம் அக்டோபரில் வரும் ஆண்டுகளில் அதையும் பார்க்கும் வாய்ப்பு உண்டு. வீரமாகாளியம்மன் கோயிலும் அதே சாலையில்தான். நூறு வெள்ளிக்கு மேல் பொருள் வாங்கியிருந்தால், சாங்கி விமான நிலையத்தில் பெட்டியைக் கொடுப்பதற்கு முன்பே ஜிஎஸ்டி திரும்பப் பெறும் இடத்துக்குப் போங்கள். பொருளைக் காட்டச் சொன்னால் காட்ட வேண்டியிருக்கும், பெட்டி உள்ளே போய்விட்டால் முடியாது.

விமானத்துக்கு நேரம் இருந்தால் ஆண்டர்சன் பாலத்துக்கு மறுபடி ஒரு நடை போய்வாருங்கள். தடுப்புகளைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். எந்தெந்தச் சாலை திறந்துவிட்டதோ அங்கே டயர் ரப்பரின் கறுப்புத் தடம் அப்படியே இருக்கும், அதன் மேல் நகரப் பேருந்து ஓடிக்கொண்டிருக்கும்.